பக்கத்து மனையின் பெயர்ப்பலகை

செண்டாய்,
நவம்பர் 27

அன்புள்ள நோரிஃபுமிக்கு,

சிகுசா எழுதுவது. இங்கே மலையில் முதல் பனி விழுந்துவிட்டது. ஃபுகுவோகாவில் இன்னும் அவ்வளவு குளிர் இருக்காது. கொஹாருவுக்கு இருமல் நின்றுவிட்டது, பள்ளிக்குப் போகிறாள். உங்கள் அக்கா ஒரு பெட்டி ஆப்பிள் அனுப்பியிருந்தார்.

போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் கடிதம்.

அந்த ஆன்லைன் விளையாட்டில் நம் குழுவுக்கு வீடு கிடைத்துவிட்டது. பணிமாற்றலில் போனபோது, இனி அந்தப் பக்கமே வர நேரமிருக்காது என்று சொல்லித் தலைமையை என்னிடம் விட்டுப் போனீர்கள். அன்றிலிருந்து ஒரு குலுக்கலையும் நாங்கள் விடவில்லை. முறை இன்னும் நீங்கள் சொல்லிக்கொடுத்ததேதான். காலி மனை வாசலில் முழு விலையையும் முன்பே கட்டினால் ஓர் எண் தருவார்கள். எத்தனை பேர் இருந்தாலும் குழுவுக்கு ஒரே எண். தோற்றால் பணம் திரும்பும். ஜெயித்தால் குறித்த நாளுக்குள் வாசலில் போய் நின்று ஏற்க வேண்டும். தவறினால் மனை போய்விடும். தனி ஆட்களின் மனைகளுக்கும் அன்றைக்கேதான் குலுக்கல்.

சனிக்கிழமை மதியம் முடிவு வந்தது. கடலோரத் தெருவில் எங்கள் எண். ஹாச்சினோஹேயில் மீன் விற்கும் கான்பே மைக்கில் அழுதேவிட்டார். "அண்ணி, இனி நடுத்தெருவுல நின்னு கூட்டம் போட வேண்டாம். என் கடையவிடப் பெரிசா இருக்கு" என்றார்.

எல்லோரும் மனையைப் பார்க்க ஓடினோம். பக்கத்து மனைக்காரர் நமக்கு முன்பே ஏற்றுக்கொண்டு வீடும் எழுப்பியிருந்தார். "நம்ம சத்தத்த இவங்க தாங்குவாங்களான்னு பாக்கறேன்" என்று கான்பே அந்த வாசலுக்குப் போய்ப் பெயரைப் படித்தார். "கொதெட்சு. அட, நம்ம பழைய தலைவரு பேராச்சே."

நம் குழுவின் ரிட்சு அவசரமாக, "அக்கா, வேற யாராவது அதே பேர வெச்சிருப்பாங்க" என்றாள்.

"அதெப்படி? ஒரு பேர ஒருத்தருக்குத்தானே தர்றாங்க" என்றார் கான்பே.

விளையாட்டில் நீங்கள் வைத்திருந்த அந்தப் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் இருந்தது. உடன் வசிப்பவர், மினோ.

அப்படி ஒருவரைச் சேர்க்க இருவரும் வாசலில் ஒன்றாக நின்று சம்மதம் சொல்ல வேண்டும். நாம் அப்படி நின்றதே இல்லை. குழுவுக்குக் கிடைக்கட்டும், நமக்கென்று தனியாக எதற்கு என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

"அண்ணி, இந்த எடம் வேணாம்னா விட்டுடலாம். எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றார் கான்பே. இவ்வளவு காலம் காத்திருந்தவர்கள். நான் ஏற்றுக்கொண்டேன்.

மற்றவர்கள் போன பிறகும் வேலியோரம் நின்றிருந்தேன். கதவு திறந்தது. கொதெட்சு வெளியே வந்தான், என்னைப் பார்த்து நின்றான், அப்படியே விளையாட்டை விட்டே மறைந்துபோனான். சற்று நேரத்தில் என் போனுக்கு உங்கள் செய்தி வந்தது: 'இன்றைக்கும் ஆபீஸ்தான். வேலை முடியவில்லை. பிறகு பேசுகிறேன்.'

நான் உங்களிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை.

அடுப்பில் சூப் பொங்கி வழிந்ததைக்கூட கொஹாரு வந்து சொல்லித்தான் பார்த்தேன்.

குழுவில் யாரும் அதைப் பற்றி என்னிடம் பேசுவதில்லை. கான்பே மட்டும் அந்த வேலியோரம் உயரமான மூங்கிலாகப் பார்த்து நட்டுக்கொண்டிருக்கிறார். ஏன் என்று கேட்டால், "கடல் காத்து பலமா அடிக்குது அண்ணி" என்கிறார்.

வெறும் வயிற்றில் காபி குடிக்காதீர்கள். கனமான போர்வையைத் தனியாக அனுப்புகிறேன். புத்தாண்டுக்கு வருவதாகச் சொன்னீர்கள். கட்டாயம் வாருங்கள், கொஹாரு உங்களுக்காகக் காத்திருக்கிறாள். ரயிலில் வரும்போது என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு வர வேண்டாம். நான் கேட்பதற்கு முன்னால் நீங்களாகச் சொன்னால் போதும்.

நலமாக இருங்கள்.

சிகுசா