அந்தோணிக்கு வந்த இரங்கல்

நவ. 5, புதன்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. கரன்ட் போய்ப் போய் வந்தது.

ஆபீஸ் வேலை: பழைய டூலில் இருக்கிற டெஸ்ட் கேஸ் எல்லாவற்றையும் எக்ஸெலில் எடுத்து, புது டூலில் ஏற்ற வேண்டும். பழையதின் லைசென்ஸ் வெள்ளியோடு முடிகிறதாம். மேனேஜர் ரகு சார் இன்றைக்குத்தான் வாயைத் திறக்கிறார். மனுஷனுக்கு எல்லாமே கடைசி நிமிஷம்.

எக்ஸ்போர்ட் ஆயிற்று. திறந்தால் எங்கள் சொந்தபந்தம் மொத்தமும் உள்ளே. இன்ஷூரன்ஸ் கம்பெனி சாஃப்ட்வேர். ஆள் இறந்து க்ளெய்ம் பதிந்தால் நாமினிக்கு இரங்கல் SMS போகிறதா என்று பார்க்கிற டெஸ்ட். மற்றதெல்லாம் பொய்யான டேட்டா, SMS மட்டும் நிஜமாகவே போகும். ஒரே நம்பருக்கு ஓயாமல் அனுப்பினால் பிளாக் ஆகிவிடும். அதனால் டீமில் எல்லோரும் வீட்டாள் நம்பரைப் போடுவோம். நான் பெயர் யோசிக்கச் சோம்பல்பட்டு அதையும் வீட்டிலிருந்தே போட்டு வைத்திருக்கிறேன்.

இறந்தவர் நான், நாமினி அப்பா.
இறந்தவர் அண்ணன், நாமினி அண்ணி.
இறந்தவர் அந்தோணி, நாமினி ரோஸி.

அனுப்புகிற அன்றைக்கு அப்பாவுக்கும் அண்ணிக்கும் முதலிலேயே போன் பண்ணிச் சொல்லிவிடுவேன். தங்கச்சி ரோஸிக்கு ஒருநாளும் அனுப்பியதில்லை. அவள் புருஷன் அந்தோணி கடலுக்குப் போகிற ஆள், விளையாட்டுக்குக்கூட வேண்டாம் என்று. ‘SMS அனுப்ப வேண்டாம்’ என்ற தலைப்பின் கீழ் அவளுக்கு எப்போதும் ‘ஆம்’.

வரிசையாகப் பார்த்தால் சாவுப் பட்டியல் மாதிரி இருக்கிறது. நாளைக்குப் பெயரையெல்லாம் மாற்ற வேண்டும்.

நவ. 6, வியாழன்

மழை இல்லை. காற்று மட்டும்.

இம்போர்ட். எர்ரர். மறுபடி எர்ரர். தேதி பிடிக்கவில்லையாம், அப்புறம் காலி வரி பிடிக்கவில்லையாம். என் மாமியார்கூட இவ்வளவு குறை சொன்னதில்லை.

எக்ஸெலில் இருக்கிற ஒவ்வொரு தலைப்புக்கும் புது டூலில் ஒரு ஜோடி காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் கிடைத்தது, ‘SMS அனுப்ப வேண்டாம்’ ஒன்றைத் தவிர. அப்படி ஒரு தலைப்பே அங்கே கிடையாது. ரகு சாரைக் கேட்டேன்.

“ஸ்கிப் குடுங்கம்மா, அப்புறம் பாத்துக்கலாம்.”

கொடுத்தேன். பச்சை டிக் விழுந்தது. பெயர் மாற்ற நேரமில்லை.

சாயங்காலம் ரோஸி போன். அந்தோணி மத்தியானமே கடலுக்குப் போய்விட்டாராம். “காத்து பலமா இருக்குதுக்கா, சொன்னா கேக்க மாட்டாரு. விடிய வந்துருவாரு.”

கடலை எண்ணெய் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

நவ. 7, வெள்ளி

அறந்தாங்கி பஸ்ஸில் எழுதுகிறேன். ரோடு குலுக்குகிறது, எழுத்தெல்லாம் கோணல்.

காலையில் வல்லத்திராக்கோட்டையிலிருந்து அப்பா கூப்பிட்டார். “என்னத்தா, இன்னைக்கு செத்துட்டியா? முன்கூட்டியே சொல்லுவியே?”

சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. சென்னை டீம் காலையில் புது டூலிலிருந்து எல்லா டெஸ்டையும் ஓட்டியிருக்கிறது. ‘வேண்டாம்’ என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. எல்லோருக்கும் போயிருக்கிறது.

அப்பா: பேசியாச்சு.
அண்ணி: பேசியாச்சு. திட்டினாள்.
ரோஸி: மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி.

ரகு சாரிடம் சொன்னேன். டெஸ்ட் ஓடுவதை நிறுத்திவிட்டார். அப்புறம் கேட்ட முதல் கேள்வி, “க்ளையன்டுக்குத் தெரியுமா?” போனை வைத்துவிட்டேன்.

மணமேல்குடியில் ரோஸியின் பக்கத்து வீட்டு நம்பர் கிடைத்தது. அந்தம்மா சொன்னது: “படகு இன்னும் வரலைங்க. எல்லாரும் கரைக்குப் போயிருக்காங்க.” உடனே பஸ் ஏறிவிட்டேன்.

பயமாக இருக்கிறது. ஏதோ நான் எழுதி வைத்ததால்தான் என்கிற மாதிரி. முட்டாள்தனம். தெரிகிறது. ஆனாலும் பயமாக இருக்கிறது. மாதாவே.

அதே நாள், சாயங்காலம். ரோஸி வீடு.

வீட்டுக்குள் நுழைந்தபோது ரோஸி மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றுமில்லை. அவள் மாமியார் வாசலில் ஜெபமாலையோடு. நான் வந்ததைப் பார்த்ததும் ரோஸி என் கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துப் போனாள்.

“ஒனக்கும் வந்துச்சாக்கா மெசேஜு?”

போனைச் சத்தம் வராமல் செய்து அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருக்கிறாள். மாமியார் கண்ணில் படக்கூடாதாம். காலையில் வாசித்ததிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சமைத்திருக்கிறாள், கூட்டியிருக்கிறாள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறாள். “சொன்னா நெசமாயிரும்னு பயந்துக்கிட்டு இருந்தேங்க்கா. ஒடம்பு கோடியக்கரைப் பக்கம் ஒதுங்கியிருக்கும், ஆதார் கார்டைப் பாத்து அனுப்பியிருக்காங்கன்னு நெனச்சேன். எனக்குத் தெரியாம பாலிசி போட்டிருக்காரு போலன்னு…”

சொன்னேன். எல்லாவற்றையும். என் டெஸ்ட், என் சோம்பல், ஸ்கிப்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. “அப்ப அவரு இருக்காரா?”

“மெசேஜ் பொய்டி.”

“அதைக் கேக்கல.”

அனுப்பியதைப் பொய் என்று என்னால் சொல்ல முடியும், அவ்வளவுதான். அவள் திரும்பிப் போய்ப் புளியைக் கரைக்க ஆரம்பித்தாள். இன்னும் அங்கேயேதான் இருக்கிறாள். படகு வரவில்லை.

நவ. 8, சனி

வந்துவிட்டார்! எஞ்சின் பழுதாம். கோட்டைப்பட்டினத்துப் படகு ஒன்று கட்டி இழுத்து வந்தது. கூடப் போன இரண்டு பேரும் பத்திரம். ரோஸி எல்லோர் முன்னாடியும் அவர் நெஞ்சில் குத்தோ குத்தென்று குத்தினாள். அப்புறம் உட்கார்ந்து அழுதாள். நானும்.

மெசேஜை அந்தோணி சத்தம் போட்டு வாசித்தார். “எனக்கு ஆழ்ந்த இரங்கலாம்டா! மதினி, ஒரு மாலையும் வாங்கியாந்திருக்கலாம்ல?” கரையே சிரித்தது. மாமியார்கூட. என்னால் முடியவில்லை.

ரகு சார் மெசேஜ்: இனிமே ரியல் நேம், ரியல் நம்பர் யூஸ் பண்ணாதீங்க. சரி என்று போட்டேன். திங்கட்கிழமை எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்ற வேண்டும்.

மத்தியானம் அந்தோணி பைக்கில் பஸ் ஸ்டாப்புக்குக் கொண்டுவந்து விட்டார். வண்டியை நிறுத்தியும் கிளம்பாமல் நின்றார்.

“மதினி, அந்த இன்ஷூரன்சு… எங்களை மாரி ஆளுக்கும் குடுப்பாங்களா?”

“குடுப்பாங்க மாப்ளே.”

“நெசமாவே ஒண்ணு போட்டு விடுங்க. எஞ்சின் நின்னதுல இருந்து அதேதான் நெனப்பு. அவளுக்குத் தெரிய வேணாம்.”

கொஞ்ச நாள் கடலுக்குப் போகாமல் இருங்களேன் என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். அவர் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

“நாளான்னைக்கு எஞ்சின் ரெடியாயிரும். அதுக்குள்ள முடியுங்களா?”