அப்பாவின் பெயரில் ஒரு பூட்டு

யூன் 16, திங்கள்

சோளகக் காற்று விடிய முன்னரே எழும்பிவிட்டது. படகு ஓடுமோ என்று இவர் குறிகட்டுவான் இறங்குதுறைக் கடைக்காரருக்குப் போன் எடுத்துக் கேட்டார். ஓடுமாம்.

வேலைகள்: ஒன்பதாம் வகுப்பு விஞ்ஞானக் கொப்பிகள். தேங்காய். இவருடைய சேட்டுக்குப் பொத்தான்.

கனடாவிலிருந்து அண்ணை அனுப்பிய மணிக்கூடு கையில். நித்திரையிலும் கழற்றக்கூடாதாம். சும்மா இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு எத்தனை தரம் அடிக்கிறது என்று காட்டும். எழும்பியதும் படம் எடுத்து அவருக்கு அனுப்ப வேண்டும். போன மாதம் நெஞ்சு படபடக்கிறது என்று தெரியாமல் சொல்லிவிட்டேன், அதன் பலன்.

இன்று எழுபத்து நான்கு. அனுப்பினேன். உடனே குரல் செய்தி: "பாத்தியே பிள்ளை, இறங்கீட்டுது. ஓட்ஸ் வேலை செய்யுது."

ஓட்ஸ் பெட்டி அலுமாரிக்கு மேலே. இன்னும் உடைக்கவில்லை. சனி ஞாயிறு சோறும் விளைமீன் குழம்பும்தான் தின்றேன்.

யூன் 17, செவ்வாய்

எண்பத்தெட்டு. ஒரே நாளில்.

"நேற்று என்ன சாப்பிட்டனி? கருவாடு தொட்டனியோ? உண்மையைச் சொல்லு."

நாற்பத்தைந்து வயதில் கருவாட்டுக்கு வாக்குமூலம். அதன் பிறகு அண்ணையின் கட்டளைகள். சோறு குறை. தேங்காய்ப்பால் நிப்பாட்டு. உப்பு அரைவாசி. பிளேன்ரீயை விட்டுக் கிரீன் ரீ, நாளுக்கு நாலு தரம். அண்ணி அப்படித்தான் குடிக்கிறாவாம், அவவுக்கு அறுபத்திரண்டாம்.

அண்ணியை நாலு கோப்பை கிரீன் ரீயோடு நெடுந்தீவுப் படகில் ஏற்றிவிட வேண்டும். சோளகத்தில். ஒரு மணித்தியாலம்.

நேற்று நான் உண்மையில் வயிற்றில் போட்டவை: விடிய ஒன்றுமில்லை. இறங்குதுறையில் அரைக் கோப்பை பிளேன்ரீ, தொண்டை நனைய. இடைவேளையில் இரண்டு விசுக்கோத்து, ஒன்றிலும் தோய்க்காமல். திரும்பி வந்து இறங்கியதும் ஒரு சோடா, ஒரே மூச்சில். நாலு மணிக்குச் சோறும் கருவாடும்.

நெடுந்தீவுக்குப் போய்ப் படிப்பிக்கும் பெண்கள் எவரும் காலையில் தண்ணீர் குடிப்பதில்லை. ஒருவரும் சொல்லித்தருவதில்லை, வந்த கிழமையே பிடிபட்டுவிடும். பழைய மலசலகூடத்துக்குக் கதவு இல்லை. படிக்கிற பெட்டைகள் இடைவேளைக்கு வீட்டுக்கு ஓடுவார்கள், பாதிப்பேர் திரும்பி வரமாட்டார்கள். நாங்கள் எங்கே ஓடுவது? எங்கள் வீடு கடலுக்கு அங்கால்.

புதியது இருக்கிறது. மாசியிலேயே கட்டி முடிந்தது. நீலக் கதவுகள், வெள்ளை ஓடு, கூரையில் தண்ணீர்த் தாங்கி. வெளியே இரும்புக் கேற், அதில் உள்ளங்கை அளவு பூட்டு. சுவரில் கறுப்புக் கல், அதை மூடி மஞ்சள் பட்டுத்துணி. துணிக்குக் கீழே எங்கள் அப்பாவின் பெயர்.

கட்டித் தந்தது அண்ணைதான். தான் படித்த பள்ளிக்கூடத்துக்கு, அப்பாவின் ஞாபகமாக. ஆவணியில் திருவிழாவுக்கு வந்து நாடா வெட்டுவார். அதுவரை பூட்டு. மாசியில் எனக்கும் பெருமைதான். நானே போட்டோ எடுத்து அனுப்பினேன்.

படகில் சமயபாட ரீச்சர்: "உம்மட கொப்பர் நல்ல மனுசன். உயிரோட இருந்திருந்தால் அந்தப் பூட்டுக்குத் திறப்பைக் கேட்டு வாங்கித் தந்திருப்பார்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இப்போது எழுதும்போது சிரிப்பு வரவில்லை.

யூன் 18, புதன்

லீவு. இவரோடு கிளினிக். ஈசிஜி நல்லம். இரத்தம் நல்லம். டொக்டர் சின்னப் பெடியன், மரியாதையானவர்.

"தண்ணி வடிவாக் குடிக்கிறீங்களோ அக்கா?"

"ஓம்."

இவர் பக்கத்தில் இருந்து: "வீட்டில நிண்டால் குடிப்பா டொக்டர்."

டொக்டர் சிரித்துவிட்டு எழுதினார். இரண்டு கிழமையில் துடிப்புக் குறையாவிட்டால் குளிசை. தொடங்கினால் நெடுகப் போட வேண்டி வரலாமாம். இருபது வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கு, "சேர், எங்களுக்குப் போக இடமில்லை" என்று சொல்ல வாய் வரவில்லை. வெட்கம். யாருடைய வெட்கம் இது? ஏன் அதை நான் காவுகிறேன்?

பஸ்ஸில் இவர்: "நீர் ஏன் அந்தாளுக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் சொல்லியிருக்கலாமே."

"எனக்கும் ஒரு மாதிரிக் கிடந்துது."

பின்னேரம் வேண்டுமென்றே கருவாட்டுக் குழம்பு, தேங்காய்ப்பால் விட்டு. சோறு இரண்டு தரம். பகல் முழுக்கத் தண்ணீரும் நிறைய.

யூன் 19, வியாழன்

எழுபத்தாறு.

பரிசோதனை செய்யும்போது ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை. ஒன்பதாம் வகுப்புக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். சோறு அதே. கருவாடு அதே. தேங்காய்ப்பால் கூட. மாறியது தண்ணீர். உடம்பில் தண்ணீர் குறைந்தால் இரத்தம் குறையும், இதயம் விழுந்து விழுந்து அடிக்கும். இதை விளங்க இத்தனை நாள் எடுத்திருக்கிறது. மடைச்சி.

அண்ணை: "எழுபத்தாறு! கிரீன் ரீ தொடங்கீட்டாய் போல."

போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் படகுக்கு ஓடினேன்.

நாலாம் பாடத்தில் இளம் ரீச்சர் கஸ்தூரி விழுந்துவிட்டாள். மடத்துவெளிப் பிள்ளை, வந்து ஒரு வருடம், வயிற்றில் ஆறு மாதம். கரும்பலகையைப் பிடித்தபடி சரிந்தாளாம். ஓட்டோவில் போட்டு நெடுந்தீவு ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். உதடு வெடித்துப் போயிருந்தது. அடக்கி அடக்கிச் சலத்தில் கிருமி. காய்ச்சல்.

நேர்ஸ் ஏசினா: "பிள்ளைத்தாய்ச்சி தண்ணி குடியாமல் இருக்கிறதோ? படிச்ச ஆக்கள்தானே நீங்கள்?"

கஸ்தூரி கண்ணைத் திறக்காமலே: "எங்க போறது மிஸ்?"

நேர்ஸ் அவள் கையைப் பிடித்து நரம்பு தேடினா. சேலைன் ஏற்றினா. குழந்தைக்குத் துடிப்பு இருக்கிறது. அதைக் கேட்கும்வரை எனக்கு இல்லை.

நேரே பள்ளிக்கூட அதிபரிடம் போனேன். திறப்பைக் கேட்டேன்.

"ரீச்சர், உங்கட அண்ணையின்ர காசு. அவர் வராமல் திறந்தால் மரியாதை இல்லை. நூலகம் ஒண்டும் கட்டித்தர யோசிக்கிறார், உங்களுக்குத் தெரியாததோ?"

"கஸ்தூரி விழுந்தது தெரியுமோ சேர்?"

"பாவம். லீவு எடுக்கச் சொல்லுங்கோ."

வீட்டுக்கு வந்து அண்ணைக்கு எடுத்தேன். அங்கே விடிகாலை. எல்லாவற்றையும் சொன்னேன், படகு, பிளேன்ரீ, கஸ்தூரி, வெட்கத்தை விட்டு எல்லாம்.

"ரெண்டு மாசம்தானே பிள்ளை. இவ்வளவு காலமும் சமாளிச்சனீங்கள்தானே."

"சமாளிச்சு வந்ததுதான் அந்த எண்பத்தெட்டு."

"வீடியோக்காரருக்கும் சொல்லியாச்சு. நீங்கள் எல்லாரும் பாவிச்ச கக்கூசுக்கு நான் வந்து நாடா வெட்டுறதோ? சனம் சிரிக்கும். அப்பாவின்ர பேரெல்லோ." பிறகு, அதே மூச்சில்: "அது கிடக்கட்டும். ஓட்ஸை விட்டிடாதை."

வைத்துவிட்டேன். மணிக்கூடு நூற்றுப் பதினொன்று காட்டியது. அதற்கு என்ன சாப்பாடு காரணம் என்று கேட்டிருக்க வேண்டும்.

யூன் 20, வெள்ளி

தொண்ணூறு. அனுப்பவில்லை.

இடைவேளை மணி அடித்ததும் போனேன். மதிலிலிருந்து ஒரு முருகைக்கல்லை எடுத்துப் பூட்டில் அடித்தேன். கல்தான் உதிர்ந்தது. வெள்ளைத் தூள் சேலை முழுக்க. திரும்பிப் போய், மணி அடிக்கிற இரும்பை எடுத்து வந்தேன். நாலு அடி. ஐந்தாவதில் விட்டது.

அதிபர் ஓடி வந்தார். விறாந்தை நிறையப் பிள்ளைகள்.

"ரீச்சர், உங்கட அண்ணைக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

"தங்கச்சி உடைச்சவ எண்டு சொல்லுங்கோ. கல்லில கிடக்கிறது எனக்கும் அப்பாதான்."

குழாயைத் திறந்தேன். தண்ணீர் வந்தது. தாங்கி விளிம்புவரை நிரம்பிக் கிடந்தது. வீடியோவில் காட்டுவதற்காக அண்ணை முன்கூட்டியே நிரப்பச் சொன்னாராம். கோடை, கிணறெல்லாம் உப்பு, சனம் தண்ணீர்ப் பவுசர் வண்டிக்கு வாளியோடு நிற்கிறது. இது நாடாவுக்குக் காத்திருக்கிறது. அந்த இடத்தில்தான் அழுகை வந்தது, ஆத்திரத்தில்.

முதலில் உள்ளே போனது சமயபாட ரீச்சர். வெளியே வந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, "ராகுகாலத்திலயோ உடைச்சனீர்? பரவாயில்லை. ஓடு வழுக்குது, பாத்துப் போம்."

பெட்டைகள் வரிசையில் நின்றார்கள். இன்று ஒருத்தியும் வீட்டுக்கு ஓடவில்லை. மத்தியானத்துக்கிடையில் ஒரு போத்தல் தண்ணீரை முழுதாகக் குடித்து முடித்தேன்.

யூன் 21, சனி

எழுபத்தெட்டு. பள்ளிக்கூடம் போய் வந்த நாளுக்கு அடுத்த காலையில் இப்படிக் குறைந்தது இதுதான் முதல் தரம். குளிசை வேண்டாம் என்று டொக்டருக்குச் சொல்ல வேண்டும். ஏன் என்றும் சொல்ல வேண்டும்.

அண்ணையிடமிருந்து குரல் செய்திகள். ஒன்றை மட்டும் கேட்டேன். "அப்பாவை அவமானப்படுத்திப்போட்டாய். நூலகம் இல்லை எண்டு அதிபரிட்டச் சொல்லீட்டன்." அப்படியானால் பிள்ளைகளின் நூலகமும் என் தலையில். அதற்காக நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. கேட்கத் தோன்றுகிறது, அதுதான் இன்னும் எரிச்சல்.

இவர்: "கொஞ்சம் பொறுத்திருக்கலாம் நீர்."

"நீங்கள் ஒரு நாள் பொறுத்துப் பாருங்கோ. விடிய அஞ்சிலயிருந்து மூண்டு வரை."

எழும்பிக் குசினிக்குள் போனார். தேங்காய் துருவித் தந்தார்.

கஸ்தூரி வீட்டுக்கு வந்துவிட்டாள். போனில்: "அக்கா, உண்மையோ? மணி அடிக்கிற இரும்பாலயோ?"

யூன் 23, திங்கள்

காற்று அப்படியே. படகு ஓடுமாம். அதிபர் புதுப் பூட்டு வாங்கியிருப்பாரோ தெரியாது. இவர் இரும்பு வெட்டுகிற வாளை என் பையில் வைத்திருக்கிறார்.

குசினியில் நின்று ஒரு செம்புத் தண்ணீர். கடைசிச் சொட்டுவரை. அண்ணை இன்று இலக்கம் கேட்கவில்லை.