ஈரத்தில் கட்டிய கயிறு

திருவனந்தபுரம்,
கொல்லம் ஆண்டு 1117, துலாம் மாதம் 18, திங்கட்கிழமை

அன்புள்ள சரசு அக்காவுக்கு, தங்கை பகவதி வணங்கி எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகம். தென்காசியில் நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும்.

சனிக்கிழமை புது மைதானத் திறப்புக்கு நால்வரும் வருவதாக எழுதிய கார்டு கிடைத்தது. அப்பா அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலையாட்களிடமெல்லாம் காட்டுகிறார். தலைமை மேஸ்திரியின் மகள் ரயிலேறி வருகிறாள் என்றால் சும்மாவா.

நீ வழி கேட்டிருந்தாய். தம்பானூரில் இறங்கி, ஜட்காக்காரனிடம் பாளையம் என்று சொன்னால் போதும். மைதானத்துக்கு மூன்று வாசல். தெற்கு வாசல் மோட்டாரில் வருகிற பெரியவர்களுக்கு, வடக்கு வாசல் ஆட்டக்காரர்களுக்கு. நீங்கள் மேற்கு வாசலில் நுழையுங்கள். நடுவில் பந்தாட்டப் புல்தரை, சுசீந்திரம் தெப்பக்குளம் நான்கு சேர்ந்தாற்போல. அதைச் சுற்றி ஓட்டப் பந்தயத்துக்குச் செம்மண் பாதை. மேற்கே கல்படிகள் முடிந்துவிட்டன. கிழக்கே முடியவில்லை. அதனால் அங்கே கமுக மரங்களை வெட்டித் தூணாக நட்டு, கயிற்றால் கட்டி, பலகை பரப்பி, பன்னிரண்டு தட்டில் காலரி போட்டிருக்கிறார்கள். இரண்டாயிரம் பேர் உட்காரலாமாம். அது முழுவதும் அப்பாவின் மேற்பார்வை.

தினமும் மதியம் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகிறேன் அல்லவா, அதனால் எனக்குச் சில விஷயம் தெரியும். காலரி கட்டிய ஒன்பது நாளும் விடாத மழை. பந்தல் வேலை தங்கப்பன் மாட்டேன் என்றார். "நனஞ்ச கயிறில கெட்டினா வெயிலடிக்கும்போ அயஞ்சு போகும் மேஸ்திரி, நாலு நாள் பொறுக்கணும்" என்று கெஞ்சினார். "திறப்பு நாளை ஒன் கயிறா தீர்மானிக்குது? கெட்டுடே" என்றார் அப்பா. மறுநாளிலிருந்து தங்கப்பன் வேலைக்கு வரவில்லை.

போன புதன்கிழமை மழை விட்டது. அதற்குப் பிறகு நல்ல வெயில். ஆட்கள் சாப்பிடப் போகிற நேரத்தில் நான் காலரிக்கு அடியில் போய்ப் பார்க்கிறேன். வியாழக்கிழமை கட்டுக்குள் என் விரல் நுழையவில்லை. சனிக்கிழமை ஒரு விரல் நுழைந்தது. இன்று மூன்று. ஒரு கட்டில் குடத்துத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன், கொஞ்ச நேரத்தில் இறுகிவிட்டது. ஆனால் கட்டுகள் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன, அக்கா.

நேற்றுச் சோறு போடும்போது அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்துச் சொன்னேன். "மூணாம் பாரம் தாண்டாதவ எனக்கு எஞ்சினீயரா?" என்று கேட்டார். ஆனால் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார். சாயங்காலம் உங்களுக்காக வாங்கி வைத்திருந்த காலரி முன்வரிசைச் சீட்டு நான்கையும் எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் கல்படிச் சீட்டு. "சரசு பிள்ளையளுக்கு மேல ஏறினா பயமாருக்கும்" என்றார். சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. உங்களுக்குக் கொடுக்கச் சொன்ன அந்தச் சீட்டுகள் என்னிடம் இருக்கின்றன.

காலரியின் மேல் மூன்று தட்டில் என் பழைய பள்ளிக்கூடத்துப் பெண்கள் அறுபது பேர், வெள்ளை உடுத்து, நின்று பாடப்போகிறார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்து படித்த ரோஸும் உண்டு. புதுத் தாவணியைக் காட்ட வந்தாள். மேலே ஏறாதே என்றேன். "படிப்பு நிறுத்தினதுல இன்னும் வயித்தெரிச்சலாட்டி?" என்று சிரித்தாள். காரணத்தைச் சொன்னால் அப்பாவைக் குற்றம் சொன்னதாகும்.

அதனால் ஒன்று கேட்கிறேன். அத்தானை வெள்ளிக்கிழமையே தனியாக அனுப்பு. மருமகன் சொல்லை அப்பா தட்டமாட்டார். காலரியைச் சுற்றிப் பார்க்க வந்தேன் என்று அவர் சொல்லட்டும். அப்பா பக்கத்தில் நிற்கும்போது ஒரே ஒரு கட்டுக்குள் விரலை விட்டுப் பார்க்கட்டும், போதும். நான் எழுதியதாக அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால்தான் நடக்கும் என்றால் இந்தக் கடிதத்தையே காட்டட்டும்.

மழை பெய்யவேண்டும் என்று பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்திருக்கிறேன். நீயும் அங்கே நேர்ந்துகொள். இன்றும் வானத்தில் ஒரு மேகம் இல்லை. திறப்புக்கு நல்ல நாளாக வாய்த்தது என்று தெருவே சொல்கிறது.

வெள்ளிக்கிழமை காலை வண்டி வரும் நேரத்துக்கு அத்தானை எதிர்பார்த்து வீட்டு வாசலில் நிற்பேன். எல்லாப் பிள்ளைகளையும் தெய்வம் காக்கட்டும்.

உன் தங்கை,
பகவதி