மாதாவின் காசு என் பெயரில்

மார்ச் 11, செவ்வாய்

மகளைப் பிற்பகலில் பார்க்க ஆளில்லை என்று லிஃப்ட் திருத்தும் வேலையை அரை நாளாகக் குறைத்தேன். சம்பளம் குறைந்தால் பிள்ளைக்கான அரசாங்க உதவி கூடும், மனைவி ஜெனி, தான் சிஞ்ஞோரா என்று கூப்பிடும் முதலாளியம்மாவின் வீட்டில் இரவும் தங்கிச் செய்யும் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று நம்பியிருந்தோம்.

இன்று படிவம் நிரப்பும் அலுவலகத்தில் இருந்த பெண், இந்த வருட உதவிக்குக் கணக்கில் எடுக்கும், இரண்டு வருடத்துக்கு முந்திய என் வங்கி இருப்பைக் காட்டினாள். இவ்வளவு சேமிப்பு இருந்தால் மிகக் குறைந்த உதவிதானாம். அது என் சேமிப்பே இல்லை. மடு மாதா திருவிழாவை இங்கே கொண்டாட எங்கள் ஊர் ஆட்கள் சேர்த்த காசு. கம்பியூட்டர் தெரிந்தவன் என்று என் கணக்கில் போட்டார்கள். நானும் யோசிக்காமல் தலையாட்டினேன்.

"யார் பெயரில் இருக்கிறது?" என்று கேட்டாள். என் பெயரில்தான். அவள் சொன்னது சரி என்பதுதான் எரிச்சல்.

திருவிழாக் குழுத் தலைவர் அன்ரன் அண்ணையிடம் போய்ச் சொன்னேன். சிரித்தார்.

"மாதா உன்னைப் பணக்காரனாக்கிப் போட்டா, தம்பி. நம்பிக்கையான ஆளெண்டுதானே உன்னட்டைத் தந்தனாங்கள்!"

பிறகு ஜெனிக்குப் போன் எடுத்தேன். சிஞ்ஞோராவுக்குக் கேட்காமல் குளியலறைக்குள் நின்று கதைத்தாள்.

"அப்ப நான் வரேலாதோ?"

"இந்த வருசம் ஏலாது."

அவள் குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது.

"பிள்ளை என்ன செய்யிறாள்?"

"உம்மட தலையணையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு படுத்திருக்கிறாள்."

"அந்த உறையைத் தோய்ச்சுப் போடாதையுங்கோ. என்ர மணம் போயிடும்."

ஓம் என்றேன். நேற்றே தோய்த்துவிட்டேன்.