கேட்காமல் அசைத்த தலையைச் சம்மதம் என்று பதிந்தது பற்றி

அனுப்புநர்
க. மைதிலி (வயது 45),
க/பெ. கந்தவேல்,
விசைத்தறித் தொழிலாளி,
குமாரபாளையம், நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
சமவெளிப் பொதுச் சுகாதார ஆய்வு நடுவம்,
சேலம்.

பொருள்: விசைத்தறித் தொழிலாளர் செவித்திறன் குறித்த சான்றுத் தொகுப்பாய்வு – திட்டக் கூட்டத்தில் நான் அளித்ததாகப் பதிவாகியுள்ள மூன்று ஒப்புதல்கள் – நீக்கித் திட்டத்தைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 18.06.2025 அன்று நடந்த இரண்டாம் திட்டக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம்.

1. நான் இருபத்து மூன்று ஆண்டுகளாகக் குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டி வருகிறேன். மேற்படி ஆய்வின் திட்டக் குழுவில் என்னைப் பொதுமக்கள் பிரதிநிதியாகத் தங்கள் நடுவம் சேர்த்தது. அந்தப் பொறுப்பில் நான் ஒரு பிழை செய்துவிட்டேன். அதனால் தங்கள் நடுவத்தின் குறிப்பிலும் ஒரு பிழை ஏறிவிட்டது. இரண்டையும் தெரிவிக்கவே இம்மனு. யார் மீதும் வஞ்சம் வைத்து இதை எழுதவில்லை.

2. நான் குழுவில் சேர்ந்த விதத்தை முதலில் சொல்ல வேண்டும். சென்ற தை மாதம் தங்கள் ஆய்வாளர் செல்வி வித்யா எங்கள் பட்டறைக்கு வந்தார். நான்கு தறி மட்டுமே உள்ள சிறிய பட்டறை அது. கூட்டத்தில் கூச்சமில்லாமல் பேசக்கூடியவர் யார் என்று அவர் கேட்டதற்கு எல்லோரும் என்னைக் கைகாட்டினார்கள். நான் எப்போதும் உரக்கப் பேசுவேன். அதைத் துணிச்சல் என்று எண்ணிவிட்டார்கள். காது மந்தமானவர்கள் உரக்கத்தான் பேசுவார்கள் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. நானும் சொல்லவில்லை.

3. எனக்குக் காது மங்கத் தொடங்கி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒரே நாளில் போகவில்லை. முதலில் கொசுவின் ரீங்காரம் போயிற்று, பிறகு குக்கர் விசில், பிறகு பின்னாலிருந்து கூப்பிடுகிறவர்களின் குரல். காலையில் பட்டறைக்கு நடக்கும்போது பாலத்தடியில் காவிரி பாறைகளில் மோதி வெள்ளையாகச் சிதறுவதைப் பார்ப்பேன், சத்தம் வராது. பனிமூட்டத்துக்குள் பேருந்துகள் மிதந்து வந்து மிதந்து போகும். மனிதர்கள் வாயைத் திறந்து மூடுவார்கள். என் காதுக்குள் மட்டும் தொலைவில் எங்கோ மழை பெய்வதுபோல ஓர் இரைச்சல் ஓய்வில்லாமல் இருக்கும். கனவில் எனக்கு எல்லாம் கேட்கும். பவானிப் பேருந்தின் நடத்துநர் ஊர்ப்பெயர்களைக் கூவுவது, என் மகள் ஷாலினி குளியலறையில் பாடுவது, எல்லாம் துல்லியமாகக் கேட்கும். விழித்த பிறகும் அந்தக் கனவிலேயே பாதி இருப்பேன். யாராவது எதையாவது சொன்னால் முகத்தைப் பார்த்துச் சிரித்துத் தலையசைத்துவிடுவேன். எட்டு ஆண்டுகளாக அப்படியே சமாளித்தேன். வீட்டில் உள்ளவர்களுக்கும் தெரியாது.

4. முதல் கூட்டம் 12.02.2025 அன்று தங்கள் நடுவத்தின் சிறிய அறையில் நடந்தது. எட்டுப் பேர்தான் இருந்தோம். ஜன்னல் வெளிச்சம் எல்லோர் முகத்திலும் விழுந்தது. உதடுகளைப் பார்த்தே எனக்கு முக்கால்வாசி புரிந்தது. பல ஊர்களில் பலர் செய்த ஆய்வுகளைத் தேடித் திரட்டி, எது நம்பத் தகுந்தது என்று எடைபோட்டு, ஒரு கேள்விக்கு விடை காண்பதுதான் இந்த வேலை என்று செல்வி வித்யா விளக்கினார். “கேள்விய மொதல்லயே எழுதி ஊரறியப் பதிஞ்சுரணுங்க்கா. யாரைப் பத்தித் தேடறோம், எதை அளக்கறோம்னு அதுலயே இருக்கணும். விடையப் பாத்துட்டு அப்புறம் நமக்குத் தோதா மாத்தக் கூடாது” என்றார். நீளவாட்டு நூலான பாவு ஓட்டி முடித்தபின் துணியின் அகலத்தை மாற்ற முடியாது என்பதை அறிந்த எனக்கு அது எளிதில் விளங்கியது.

5. அந்தக் கூட்டத்தில் ஆய்வுத் தலைவர் மருத்துவர் பாலசுந்தரம் அவர்கள் என் பக்கம் திரும்பி, இந்த ஆய்வு எதைத் தேட வேண்டும் என்று நான் நினைக்கிறேன் எனக் கேட்டார். இதற்கு முன் என்னிடம் யாரும் அப்படி எதையும் கேட்டதில்லை. “எதுத்தாப்ல நிக்கறவங்க கூப்புட்டா கேக்கோணுங்க. கூட வேலை செய்யறவளுக்கு ஒண்ணுன்னா தெரியோணுங்க. அதுக்கு என்ன வழின்னு எங்காச்சும் யாராச்சும் கண்டுபுடிச்சிருக்காங்களான்னு பாருங்க” என்றேன். செல்வி வித்யா அதைப் பலகையில் ‘பேச்சு புரிதல்’, ‘பணியிட விபத்து’ என இரண்டு சொல்லாக எழுதினார். என் வார்த்தை ஒரு பலகையில் ஏறியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஊர் திரும்பும்போது பேருந்து ஜன்னலில் சங்ககிரி மலை கூடவே வந்தது. அன்று அது எனக்கு மிக லேசாக, காற்றில் நிற்பதுபோலத் தெரிந்தது.

6. இரண்டாவது சொல்லை நான் ஏன் சொன்னேன் என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். 2023 ஆடி மாதம், எனக்கு அடுத்த தறியில் நின்ற பாவாயியின் சேலைத் தலைப்பு மோட்டார் பெல்ட்டில் சிக்கியது. அதை இழுக்கப் போன வலது கையின் இரண்டு விரல்கள் போயின. தறிச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது என்று வெளியில் உள்ளவர்கள் நினைப்பார்கள். அப்படியல்ல. ஒரு தறியின் ஓட்டம் மாறினால் பழகிய காது உடனே பிடித்துக்கொள்ளும். கடைசித் தறியில் நின்ற சின்னுசாமி அண்ணன் கேட்டு ஓடிவந்து மோட்டாரை நிறுத்தினார். நான் நான்கடி தூரத்தில் அவளுக்கு முதுகு காட்டி நின்று, அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தேன். வெயில் ஓட்டுக் கண்ணாடி வழியே இறங்கி, பஞ்சுத்தூசி பொன்னாக மிதந்துகொண்டிருந்தது. எவ்வளவு அழகாக இருக்கிறது என்று அந்த நேரத்தில் நான் நினைத்ததுகூட நினைவிருக்கிறது. திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. பாவாயி இப்போது அதே பட்டறையில் இடது கையால் தார்க்கட்டையில் நூல் சுற்றுகிறாள்.

7. இரண்டாம் கூட்டம் 18.06.2025 அன்று பெரிய அரங்கில் நடந்தது. முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். ஏசியின் உறுமலும் ஒலிபெருக்கியின் முழக்கமும் ஒன்றாகக் கலந்து என் காதில் கஞ்சிபோல் ஆயின. திரையில் படம் தெரிவதற்காக விளக்குகளை அணைத்தார்கள். அதோடு உதடுகளும் போய்விட்டன. இருட்டில் நீலத் திரை ஒன்று மட்டும் மிதந்தது. அதில் கட்டம் கட்டமாக ஆங்கில எழுத்து தோன்றியது, அம்புக்குறிகள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓடின. நான் ஆற்றடியில் உட்கார்ந்து மேலே தண்ணீரைப் பார்ப்பதுபோல உணர்ந்தேன். பயமாக இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நிம்மதியாக இருந்தது. மூன்று முறை எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. மூன்று முறையும் நான் சிரித்துத் தலையசைத்தேன். மூன்றாம் முறை கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

8. நடவடிக்கைக் குறிப்பைச் செல்வி வித்யா 03.07.2025 அன்று பட்டறைக்கே கொண்டுவந்து கொடுத்தார். மதிய உணவு வேளையில் தறிகள் நின்றிருந்தன. படிக்கத் தெரியாத பாவாயிக்காக நான் வாய்விட்டு வாசித்தேன். அதில் கண்டிருந்தது வருமாறு:

‘பத்துத் தொழிலாளருக்குக் குறைவான பட்டறைகள் பற்றிய ஆய்வுகளை விலக்கப் பொதுமக்கள் பிரதிநிதி ஒப்புதல் அளித்தார். கருவியால் அளந்த செவித்திறனை மட்டுமே விளைவாகக் கொண்டு, பேச்சு புரிதல், பணியிட விபத்து ஆகியவற்றை நீக்க ஒப்புதல் அளித்தார். ஆங்கிலத்தில் வெளியானவற்றை மட்டும் தேட ஒப்புதல் அளித்தார்.’

9. முதல் வரியிலேயே எங்கள் பட்டறை வெளியே போயிற்று. இரண்டாம் வரியில் நான் சொன்ன இரண்டு சொல்லும் போயின. மூன்றாவதில், எங்களைப் போன்றவர்களைப் பற்றித் தமிழில் யாராவது எழுதியிருந்தால் அதுவும் போயிற்று. பாவாயி என் தோளைத் தொட்டு, முகத்துக்கு நேரே, “ஏனக்கா, நீயுமா செரின்னு சொல்லிட்டு வந்த?” என்று கேட்டாள். அவள் உதட்டில் அந்த ஒவ்வொரு எழுத்தையும் பார்த்தேன். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. “எனக்குக் கேக்கல பாவாயி. அங்கயும் கேக்கல. அன்னைக்கு உனக்கு ஆனப்பவும் கேக்கல” என்று சொல்லி அழுதுவிட்டேன். பாவாயி கையிலிருந்த தார்க்கட்டையைக் கீழே வைத்தாள். பிறகு, “கேட்டிருந்தா நீ வந்திருப்ப. அது எனக்கு அன்னைக்கே தெரியும். இதப் போயி எதுக்கக்கா மறைச்ச?” என்றாள்.

10. செல்வி வித்யா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அவர் என்னிடம் ஏதும் ஒளிக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். ஆய்வை ஆறு மாதத்தில் முடித்தாக வேண்டும் என்பதால் வரம்பைச் சுருக்கினார்களாம். முன்தேடலில் கிடைத்த நாற்பத்து மூன்று ஆய்வுகளில் இந்த விதிகளுக்குள் அடங்குவன ஐந்து மட்டுமே என்றும், அந்த ஐந்திலும் பெண்கள் இல்லை என்றும் அவர் தெரிவித்தார். இதன் முடிவை வைத்துத்தான் மாவட்டத்தில் காது பரிசோதனை முகாம்கள் எங்கே, யாருக்கு நடத்துவது என்று தீர்மானிக்கப் போகிறார்கள். திட்டம் 01.08.2025 அன்று பதிவாகிறது. பதிந்தபின் எங்களைப் போன்ற பட்டறைகளில் உள்ளவர்களைப் பற்றி ஆய்வு எதுவும் சொல்லாது. ஒன்றும் சொல்லாத ஆய்வை, அங்கே ஒன்றும் இல்லை என்று படிப்பவர்களும் இருப்பார்கள்.

11. அன்று மாலையே என் கணவரிடமும் சொன்னேன். அவர், “எட்டு வருசமா எம்மேல ஏதோ கோவம்னு நெனச்சுட்டு இருந்தேன்” என்றார். கூப்பிட்டால் நான் திரும்பாததை அவர் அப்படி எடுத்துக்கொண்டு, என்ன தவறு செய்தோம் என்று தமக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்திருக்கிறார். 07.07.2025 அன்று இருவரும் ஈரோட்டுக்குச் சென்று காது பரிசோதனை செய்துகொண்டோம். இரு காதிலும் கடுமையான குறைபாடு என்று அறிக்கை வந்துள்ளது. நகல் இணைத்துள்ளேன். கண்ணாடி அறைக்குள், சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். முதலில் வழக்கம்போல் தலையசைக்கப் போனேன். பிறகு கேட்டதற்கு மட்டும் அழுத்தினேன். நெடுநேரம் அழுத்தாமல் உட்கார்ந்திருந்தேன். எட்டு ஆண்டில் நான் பொய் சொல்லாத முதல் அரைமணி நேரம் அது.

12. அம்மையீர், விடையைப் பார்த்துவிட்டுக் கேள்வியை மாற்றக் கூடாது என்ற விதியை நான் மதிக்கிறேன். ஆனால் இங்கே இன்னும் முறையான தேடல் தொடங்கவில்லை. வரம்பைச் சுருக்கத் தங்கள் வல்லுநர்களிடம் தக்க காரணங்கள் இருக்கலாம். அப்படியானால் அவை அவர்கள் பெயரிலேயே இருக்கட்டும். காதில் விழாத கேள்விக்கு நான் அசைத்த தலை அவற்றுக்குச் சாட்சியாக நிற்கக் கூடாது. எனவே,

அ) மேற்படி குறிப்பில் என் பெயரில் உள்ள மூன்று ஒப்புதல்களையும் நீக்கி, காரணத்தையும் மறைக்காமல் எழுத வேண்டுகிறேன். எனக்கு அதில் வெட்கமில்லை.

ஆ) திட்டத்தைப் பதிவதைச் சில வாரங்கள் தள்ளிவைத்து, சிறு பட்டறைகள், பேச்சு புரிதல், பணியிட விபத்து, தமிழில் உள்ள ஆய்வுகள் ஆகியவற்றைச் சேர்ப்பது பற்றி மீண்டும் ஒரு கூட்டம் கூட்ட வேண்டுகிறேன். காலம் போதாது என்றால், விபத்தையும் சிறு பட்டறையையும் மட்டுமாவது விட்டுவிடாதீர்கள்.

இ) அக்கூட்டத்தில் விளக்குகளை அணைக்காமல், ஒருவர் பேசும்போது மற்றவர் பேசாமல், கேட்கப்படும் கேள்வியைத் தமிழில் எழுதிக் காட்ட வேண்டுகிறேன். பாவாயியையும் உறுப்பினராக அழைக்க வேண்டுகிறேன். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். சொல்லவும் நிறைய இருக்கிறது.

13. கூட்டத்துக்கு நான் கட்டாயம் வருவேன். விளங்காத இடத்தில் கையைத் தூக்கி, “கேக்கலீங்க, இன்னொருக்கா சொல்லுங்க” என்பேன். இருபது தடவை ஆனாலும் கேட்பேன். அத்தனை தடவையும் கூட்டம் நின்று எனக்கு மறுபடி சொல்லும் என்று தங்கள் கையெழுத்தில் ஒரு வரி அனுப்பினால் போதும். அலைபேசியில் அழைக்க வேண்டாம். அழைத்தால் சரி சரி என்று சொல்லிவிடுவேனோ என்று எனக்கே இன்னும் அச்சமாக இருக்கிறது.

தங்கள் கடிதத்தை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்) க. மைதிலி

மேலே கண்டதை முழுவதும் வாசிக்கக் கேட்டு, உண்மையென ஒப்புக்கொள்கிறேன்: பாவாயி, இடது பெருவிரல் ரேகை.

இடம்: குமாரபாளையம்
நாள்: 14.07.2025

இணைப்பு: செவித்திறன் பரிசோதனை அறிக்கை நகல் – 1, நடவடிக்கைக் குறிப்பின் நகல் – 1.