தோளால் தள்ள வேண்டிய கதவு

மார்ச் 3
அருங்காட்சியகத்தில், கண்காட்சிக்காக, சிற்பியம்மாவின் ஒன்பது மர அறைகளையும் பொருத்தி நிறுத்திவிட்டேன். நாற்பது வருஷமாக அவர் கலைப்படைப்புகளாகச் செய்தவை: ஜன்னலில்லாத சமையலறை, ஆள் படுக்க முடியாத படுக்கையறை, இப்படி. ஆறாவது அறையின் கதவு மட்டும் யானை முட்டினாலும் அசையாத இறுக்கம். இழைப்புளியை எடுத்து விளிம்பைச் சீவினேன். இப்போது பூனை மூச்சுவிட்டால் திறக்கிறது. என் கைக்கு நானே முத்தம் கொடுத்துக்கொண்டேன்.

மார்ச் 4
கண்காட்சிப் பொறுப்பு அக்கா மகளுக்கு. தற்காலிக வேலை, இது நல்லபடி முடிந்தால்தான் நிரந்தரம். என்னைத் தச்சனாகச் சேர்த்ததும் அவள்தான். இன்று கதவைத் தொட்டாள். திறந்துகொண்டது. முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"மாமா, இறுக்கம்தான் மாமா அந்த அறையே! தோளால இடிச்சுத்தான் உள்ள போகணும். நாலு நாள்ல அந்தம்மா வந்து நிப்பாங்க!"

"நாலு நாளா? மலையையே வீங்க வெச்சிடுவேன்."

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்!"

செய்தேன்.

மார்ச் 5
கதவுக்கு ஈரச் சாக்கு சுற்றினேன். நனைந்தால் மரம் உப்பும் அல்லவா?

மார்ச் 7
உப்புகிறது. ஒரு குளத்தையே குடித்துவிட்டது.

மார்ச் 8
சிற்பியம்மா, அருங்காட்சியக இயக்குநர், அக்கா மகள் மூவரும் இடித்துத் தள்ளி உள்ளே போனார்கள். இயக்குநர் கதவை ஓங்கிச் சாத்தினார். அவ்வளவுதான், கதவு சிக்கிக்கொண்டது; மூவரும் உள்ளே. முக்கால் மணி நேரம்! நான் வெளியே கடப்பாரையோடு. நெம்பினால் கலை போய்விடும். நெம்பாவிட்டால் இயக்குநர் போய்விடுவார்.

"யாரு இந்தக் கதவைத் தொட்டது?" இயக்குநரின் குரல்.

"பொறுப்பு என்னோடது சார்," என்றாள் அக்கா மகள்.

அடிப் பைத்தியக்காரி! கதவில் வாயை வைத்துக் கத்தினேன்: "சீவினது நான்தான்யா! தண்ணி ஊத்தினதும் நான்தான்! அவ வேணாம்னுதான் சொன்னா!" மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும்.

உள்ளேயிருந்து சிற்பியம்மா: "ஊத்தினவரே, கீழ் இடுக்குல திருப்புளியத் தள்ளுங்க. கீல் இந்தப் பக்கம்தான் இருக்கு."

அவரே கழற்றினார். வெளியே வந்ததும் இயக்குநரிடம், "பழியத் தன் தலையில போட்டுக்கிற ஆள் உங்க ஆபீஸ்ல ஒருத்தியாவது இருக்காளே," என்றார். அக்கா மகள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மார்ச் 9
நான் ஒரு சீவல் சீவ, சிற்பியம்மா எழுபது வயதுத் தோளால் ஒரு தள்ளு. "இன்னும் கொஞ்சம்." பதினான்கு முறை. கடைசியில் கதவு முனகிக்கொண்டே வழிவிட்டது. "ம்," என்றார். எந்த மன்னனும் எனக்கு இப்படியொரு பட்டம் தந்ததில்லை.

அக்கா மகள் இன்னும் என்னோடு பேசவில்லை.

மார்ச் 16
கதவருகே புது அறிவிப்பு: "கதவு இறுக்கமாகத்தான் இருக்கும். தோளால் தள்ளவும். தயவுசெய்து தச்சரை அழைக்க வேண்டாம்." கீழே அக்கா மகளின் கையெழுத்து, பதவி. பதவிக்கு முன்னால் 'தற்காலிக' என்ற சொல்லைக் காணோம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

காணோம்தான்.