பேக்கரிக் கண்ணாடியில் உன் பெயர்

யாரிம்பா,
செப்டம்பர் 6, வெள்ளிக்கிழமை மாலை.

அன்புள்ள டெக்லனுக்கு,

நானும் உன் தங்கை பிரியனியும் நாயும் புட்டிப்பால் குடிக்கிற மூன்று ஆட்டுக்குட்டிகளும் சுகம். உன் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் நேற்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை, அதற்கான காரணம் கீழே வருகிறது. அந்தச் சுரங்கத்துச் செம்மண் தூசியில் உன் தொண்டையும் முதுகும் எப்படி இருக்கின்றன என்று பொய் சொல்லாமல் எழுது. இதைத் தபாலில் போட்டால் ஊர் ஃபுட்பால் அணியின் ஃபைனல் முடிந்துதான் உன் கைக்கு வரும், அதனால் நான் எழுதி முடித்ததும் பிரியனி பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்புவாள். போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நீ இரண்டாவது வாக்கியத்திலேயே சிரித்துவிடுவாய், நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவேன், சொல்ல வந்தது அப்படியே போய்விடும். இந்த முறை அது போகக் கூடாது.

ஆகஸ்டு கடைசியில் நல்ல மழை. கோதுமை கதிர் விட்டிருக்கிறது, இரண்டு காலை உறைபனி விழுந்தும் தப்பிவிட்டது என்று அப்பா நாயிடம் சொன்னார். ஆமாம், எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் இப்போது நாயிடம்தான் சொல்கிறார். உங்கம்மாகிட்ட சொல்லு, உப்பு தீர்ந்துபோச்சுன்னு. உங்கம்மாகிட்ட கேளு, அவளுக்கு இந்த ஊர்ல இன்னும் இருக்கிற உத்தேசம் இருக்கான்னு. முட்டையைத் தானே பொரித்துக்கொள்கிறார், அடி கருகிப்போகிறது, கருகியதையும் வீம்புக்குச் சாப்பிடுகிறார். பிரியனியின் நெட்பால் அணியும் ஃபைனலுக்கு வந்திருக்கிறது, அதே சனிக்கிழமை, அதே மைதானம், பன்னிரண்டு மணிக்கு. அதைப் பற்றி இந்த ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லார் வாயிலும் நீதான்.

கோச் ஹேபிக் ஃபைனலுக்கு வரச் சொல்லி உன்னைக் கூப்பிட்டாரே, அதற்கு நீ திங்கட்கிழமை அப்பாவிடம் என்ன பதில் சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? அம்மா வரச் சொன்னா வர்றேன் என்றாய். சொல்லிவிட்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டாய். செவ்வாய்க்கிழமை காலை நூலகத்தைத் திறக்கும் முன்னாலேயே டயர் கடை கோலின் வாசலில் நின்றார். இருபது வருஷமாக நூலகத்துப் பக்கம் வராத மனுஷன், தோட்டக்கலைப் புத்தகம் வேண்டுமாம். அவர் வீட்டுத் தோட்டம் முழுக்க சிமெண்டுத் தரை. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே, கெரின் கண்ணு, நாம கோப்பை தூக்கி முப்பத்தேழு வருஷம் ஆச்சு, எங்கப்பா இன்னொண்ணு பாக்காமலே போயிட்டாரு, நானும் பாக்காமலே போகணுமா என்றார். புத்தகத்தைப் பதிந்து கொடுத்து மூன்று வாரத்தில் திருப்பித் தரச் சொன்னேன். அன்று மட்டும் பதினோரு ஆண்கள் நூலக உறுப்பினரானார்கள். மேலதிகாரிகள் என் சேவையைப் பாராட்டிக் கடிதம் போட்டாலும் போடுவார்கள்.

மாலையில் பயிற்சி பார்க்கப் போனால் வேலியோரம் நின்ற கார்களிலெல்லாம் இதே வழக்குதான், ஃபைனலில் டங்கரூக் அணிக்கு எதிராக ஆட நீயா, நீ போனதிலிருந்து உன் இடத்தில் ஆடுகிற ஜாரட்டா என்று. டங்கரூக் காரனுங்க பின்வரிசைல தானிய சைலோ உசரத்துக்கு ரெண்டு பேரு நிக்கறானுங்க, ஜாரட் அவனுங்களுக்கு மேல எப்படிடா எட்டுவான், ஏணி போட்டா என்று கோலின் கேட்டார். டெக்லன் எகிறினா ஏரோப்ளேன்ல போறவன் கையசைப்பான் என்று இன்னொரு காரிலிருந்து ஒரு குரல். அணியின் சட்டைகளைத் துவைக்கிற வெண்டி மட்டும் விடவில்லை. உங்க ஏரோப்ளேன் மே மாசமே பறந்துபோச்சு, ஜூன் மாசச் சேறு யார் சட்டைல இருந்துச்சுன்னு கசக்கின எனக்குத் தெரியும் என்றாள். அதற்கு ஒருவன், சேத்துக்கா கோப்பை தர்றாங்க என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஜாரட் அப்போது மைதானத்தின் அந்தக் கோடியில் தனியாகக் கோல் அடித்துப் பழகிக்கொண்டிருந்தான். இடது காலுறையை இழுத்துவிட்டுப் பதினோரு அடி ஓடி வருவானே, அதேதான். அரையிறுதியில் இருபது மீட்டரில், நேர் எதிரே, கண்ணை மூடிக்கொண்டு அடிக்க வேண்டியதை ஓரக் கம்பத்துக்குத் தள்ளிவிட்டான், கோலுக்குக் கிடைக்க வேண்டிய ஆறு புள்ளி ஒன்றாகிப்போனது. அவன் ஓடும்போது, ஃபைனலில் யாரோடு மோதுவோம் என்று பார்க்க வந்திருந்த டங்கரூக் கூட்டம் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணியது. மூன்று புள்ளியில் தப்பி ஜெயித்தோம். அதே ஆட்டத்தில் யாரும் அடிக்க முடியாத மூலையிலிருந்து அவன் அடித்த நான்கை எவனும் எண்ணவில்லை.

புதன்கிழமை ஹேபிக்கே வீட்டுக்கு வந்தார், மனைவி செய்த எலுமிச்சை கேக்கோடு. ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் தெரிஞ்சா போதும், அடுத்த வியாழன் அணிப் பட்டியலைப் படிக்கணும் என்றார். பிறகு, நாங்க திடீர்னு கேக்கலை கெரின், இதையெல்லாம் யோசிச்சுத்தானே ஜூலைல அவனோட அஞ்சாவது ஆட்டத்தை முடிச்சு வெச்சோம் என்றார். அப்பா இருமினார். நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன், ஊற்றிக்கொண்டே இருந்தேன், தட்டு நிறைந்து மேசைக்கு வந்துவிட்டது.

ஐந்து ஆட்டம் ஆடாதவன் இறுதிச் சுற்றில் கால் வைக்க முடியாது, லீக் விதி அது. ஏப்ரலிலும் மே மாதத்திலும் நீ ஆடியது நான்கு. ஜூலையில் என் நாற்பதாவது பிறந்தநாளுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசலில் நின்றாய், நான் அழுதேன், நீ என்னைத் தூக்கிச் சுற்றினாய். மறுநாள் சனிக்கிழமை, வந்ததுதான் வந்தான், ஒரு ஆட்டம் ஆடட்டுமே என்றார்கள், நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன். உனக்கு இடம் விட ஜாரட்டை அன்றைக்கு இரண்டாம் அணிக்கு அனுப்பினார்கள். ஆடி முடித்துவிட்டு வந்து எனக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லி ஒரு ஜாடி தேன் கொடுத்தான். நீ எதற்கு வந்தாய் என்று அவனுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியும். தெரியாமல் கேக் வெட்டியவள் நான் ஒருத்திதான். ஒரு நாள் முழுக்க எனக்கு அது வலித்தது, மறைப்பானேன். பிறகு, ஒரு பயணத்துக்கு இரண்டு காரணம் இருக்கலாம்தானே என்று நினைத்துக்கொண்டேன். இருக்கலாம். இரண்டையும் என்னிடம் சொல்லியிருக்கலாம்.

நேற்று கிளப்பில் வியாழக்கிழமைச் சாப்பாடு, சமைத்துப் பரிமாறுவது என் முறை. ஆட்டு விலாக்கறி, உருளைக்கிழங்கு, பட்டாணி. பரிமாறும் ஜன்னலுக்கு வெளியே தட்டோடு வரிசை. கோலின் தட்டை நீட்டிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, என்ன கெரின், பையனுக்குப் படுக்கையை விரிச்சுட்டியா என்றார். அவன் என்னைக் கேட்டிருக்கான், வேண்டாம்னு எழுதப்போறேன், உருளைக்கிழங்கு வைக்கட்டுமா என்றேன். அப்புறம் கிளம்பியது பார். சொந்த அம்மாவே டங்கரூக் பக்கம் போயாச்சுடா என்று ஒருவன். அஞ்சு ஆட்டம் ஆடியிருக்கான், அது அவன் உரிமை என்று ஒருவன். இவளுக்கு ஆட்டத்தைப் பத்தி என்ன தெரியும், புத்தகம் படிக்கிறவ என்று ஒருவன், அவன் கையிலிருந்ததும் செவ்வாய்க்கிழமை என்னிடம் வாங்கிய புத்தகம்தான். ஹேபிக் எழுந்து, கெரின், அணியைத் தேர்ந்தெடுக்கிறது சமையலறை இல்லை என்றார். அப்ப நேத்து எதுக்கு என் சமையலறைக்கு வந்தீங்க என்று கேட்டேன். வெண்டி ஈரக் கையோடு கை தட்டினாள், அவள் ஒருத்திதான். அப்பா தட்டை வைத்துவிட்டு வெளியே போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. இரண்டு ஃபைனல் ஆடி இரண்டிலும் தோற்றவர், மகன் ஜெயித்துப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறார். ஜாரட் கடைசி மேசையில் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான், காது இரண்டும் சிவந்திருந்தன.

இன்று காலை நடந்ததை அப்பா உனக்கு வேறு மாதிரி சொல்லுவார், அதனால் நானே சொல்கிறேன். ஃபைனலுக்கு முன்னால் கடைகளெல்லாம் ஆளுக்கொரு ஆட்டக்காரன் பெயரைக் கண்ணாடியில் வெள்ளைப் பெயிண்டில் எழுதுவார்களே, பேக்கரியில் கிளெனிஸ் போன வாரமே 27 ஜாரட் என்று எழுதியிருந்தாள், தானிய சைலோவுக்கு வேலைக்குப் போகும்போது தினமும் கறி அடைத்த மீட் பை இரண்டு வாங்குகிற பிள்ளை என்று. இன்றைக்கு அது இல்லை. துடைத்துவிட்டு 9 டெக்லன் என்று ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறாள். ஜாரட் உள்ளேதான் இருந்தான். எழுத்து நல்லா வந்திருக்கு கிளெனிஸ் அக்கா என்று சொல்லிவிட்டு, மீட் பை இரண்டையும் வாங்கிக்கொண்டு, எனக்குக் கதவைப் பிடித்து நின்றான். நான் உள்ளே போகவில்லை. நேரே நூலகத்துக்குப் போய் ஒரு வாளி சோப்புத் தண்ணீரும் புத்தகத்தில் ஒட்டிய சீட்டைச் சுரண்டுகிற தகடும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

பெயிண்ட் காய்ந்திருந்தது, சுலபத்தில் போகவில்லை. கிளெனிஸ் மாவுக் கையோடு ஓடிவந்து, ஏய் கெரின், உனக்குப் பைத்தியமா, அது உன் பையன் பேருடி என்றாள். அதனாலதான் நான் அழிக்கிறேன், வேற யார் பேரா இருந்தாலும் கைய வெச்சிருக்க மாட்டேன் என்றேன். அப்ப யார் பேரை எழுதுறது என்றாள். நீ துடைச்ச பேரை என்றேன். எழுத மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கோலின் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று படம் எடுத்தார். தலையை வாரிக்கொண்டு வந்திருக்கலாமே என்று அப்போதுதான் தோன்றியது. ஆனாலும் கடைசி எழுத்து வரை சுரண்டிவிட்டுத்தான் வந்தேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்து, நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி நான் எதையும் செய்ததில்லை. செய்தபோது நன்றாகத்தான் இருந்தது.

மத்தியானம் ஜாரட் நூலகத்துக்கு வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, உடம்பெல்லாம் தானியத் தூசி, உட்காரச் சொன்னால் நாற்காலி அழுக்காகிடும் என்று நின்றான். அவனை வரச் சொல்லுங்க அக்கா, அவன் என்னைவிட நல்லா ஆடுவான், எனக்கு நம்ம டீம் ஜெயிக்கணும், நான் ஆடித்தான் ஜெயிக்கணும்னு இல்லை, தண்ணி பாட்டில் தூக்கிட்டு ஓடக்கூட நான் ரெடி என்றான். வீம்பில்லை, உண்மையாகவே சொன்னான். ஊரே கத்தியபோது தெம்பாக இருந்த எனக்கு அப்போதுதான் மனசு ஆட்டம் கண்டது. ஆடப்போகிறவனே விட்டுக்கொடுக்கிறான், நான் யார் தடுக்க என்று தோன்றியது. அவனிடம் ஒன்று மட்டும் கேட்டேன். நீ அந்தச் சுரங்கத்துல இருந்து, டெக்லன் இங்க வருஷம் முழுக்க ஆடி, உன்னைக் கூப்பிட்டிருந்தா வந்திருப்பியா? சைலோக்காரர்கள் யோசிக்க நேரம் எடுப்பார்கள். தொப்பியை இரண்டு சுற்றுச் சுற்றினான். ஃபோனையே எடுத்திருக்க மாட்டேன் அக்கா என்றான். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்தது, தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

டெக்லன், நீ அவனைவிட நல்ல ஆட்டக்காரன். நீ வந்தால் ஜெயிப்போம் என்றுதான் நானும் நினைக்கிறேன். வராவிட்டால் தோற்கலாம், டங்கரூக் கூட்டம் எண்ணி எண்ணிச் சிரிக்கலாம், அப்புறம் இந்த ஊர் எத்தனை வருஷம் என் முகத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடும் என்றும் எனக்குத் தெரியும். விடட்டும். ஜூனில் காய்ச்சலும் காயமுமாகப் பதினெட்டு பேர் நிற்க வேண்டிய இடத்தில் பதினாறு பேர் நின்று தொண்ணூறு புள்ளியில் தோற்ற அன்று, இன்றைக்குப் பெயிண்ட் டப்பாவைத் தூக்குகிற ஒருவரும் வேலியோரம் இல்லை. ஜாரட் இருந்தான். அந்தப் பதினாறு பேரும் சேர்ந்து இழுத்து வந்த வண்டி இது. எல்லை தெரிகிற இடத்தில் வந்து ஏறிக்கொள்வது விதிப்படி சரி. விதிப்படி மட்டும்தான் சரி.

உன்மேல் எனக்குக் கோபம் அந்த ஜூலைக்காக இல்லை. அம்மா சொன்னால் வருகிறேன் என்றாயே, அதற்காக. வரச் சொன்னால் அம்மா கூப்பிட்டதால் வந்தாய், வேண்டாம் என்றால் அம்மா தடுத்ததால் வரவில்லை. இரண்டிலும் நீ நல்ல பிள்ளை, இரண்டிலும் நான் குற்றவாளி. உனக்கு இருபத்திரண்டு வயது. அந்த வயதில் நான் உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அலைந்துகொண்டிருந்தேன். அதனால் ஹேபிக்கிடம் நான் எதுவும் சொல்லப்போவதில்லை. என் பதில் இந்தக் கடிதம், அது உனக்கு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் நீயே அவரைக் கூப்பிடு. அம்மா விடமாட்டேங்கிறா என்று சொல்லாதே. நான் வரவில்லை என்று சொல், நான் என்கிற சொல் அதில் இருக்க வேண்டும். மாறாக வருகிறேன் என்றுதான் சொல்லப்போகிறாய் என்றால் அதையும் உன் வாயாலேயே சொல். படுக்கையை விரித்து வைப்பேன், நீ கேட்டதைச் சமைப்பேன், உன் அம்மா இல்லாமல் போய்விடமாட்டேன். ஆனால் சனிக்கிழமை இரண்டேகால் மணிக்கு வேலியோரம் நின்று உனக்காகக் கை தட்டமாட்டேன். அதை இப்போதே தெரிந்துகொள்.

தண்ணீர் நிறையக் குடி. வெயிலில் கழுத்தை மூடு. அந்த ராட்சத லாரிகளுக்கு நடுவிலிருந்து ஒவ்வொரு நாளும் முழு ஆளாக அறைக்குத் திரும்பி வா, உனக்கு நான் வேண்டிக்கொள்வது அது ஒன்றுதான், மற்றதையெல்லாம் நீயே சம்பாதித்துக்கொள்வாய். லீவு கிடைத்தால் ஃபைனல் பார்க்க வா, உன் தங்கையின் ஆட்டத்துக்கும் சேர்த்து, பன்னிரண்டு மணிக்கே வந்துவிடு. மறக்காதே, பூட்ஸை மட்டும் அங்கேயே வைத்துவிட்டு வா.

என்றும் உன் அன்பு
அம்மா
கெரின்